நகருள் ஒரு நகர்: ஹைலண்ட் பார்க்கின் வரலாறு

ஊர்களின் எல்லையை ஆறும் மலையும் காடும் கடலும் வகுத்த காலம் ஒன்றுண்டு. கைத்தொழிற் புரட்சியின் பின் எழுந்த நகரங்கள் பலவற்றுக்கு அத்தகைய இயற்கை எல்லைகள் வாய்த்தில. சட்டப் புத்தகத்திலும் நிலவளவைப் படத்திலும் கீறப்பட்ட கோடே அவற்றின் எல்லை. தெருவொன்றின் வடபுறத்து வீட்டுக்காரன் ஒரு நகரசபைக்குச் சோலைவரி செலுத்த, எதிர்ப்புறத்து வீட்டுக்காரன் வேறொரு நகரசபைக்குச் செலுத்துவான். இருவர் வீட்டுக் கூரையிலும் பெய்வது ஒரே மழைதான். ஆயினும் அவர்தம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலை வேறு, தீப்பிடித்தால் ஓடிவரும் தீயணைப்புப் படை வேறு. அக்கோடு எதன்பொருட்டுக் கீறப்பட்டதென ஆராயின், அந்நகரின் வரலாற்றிற் பெரும்பகுதி தானே விளங்கிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹைலண்ட் பார்க் என்னுஞ் சிறு நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

மிச்சிகனின் பெருநகராகிய டெற்றோயிற் ஏறத்தாழ 139 சதுர மைல் பரப்புடையது. அதன் படத்தை உற்று நோக்குவோர் நகரின் வயிற்றுப் பகுதியில் இரண்டு துண்டுகள் வேறு நிறந் தீட்டப்பட்டிருக்கக் காண்பர். அவற்றுள் ஒன்று ஹம்றாமிக். மற்றையது ஹைலண்ட் பார்க். பின்னையதன் பரப்பு மூன்று சதுர மைல் தானும் நிரம்பாது. தென்கிழக்கிலே ஹம்றாமிக்கைத் தொடும் சிறு பகுதி தவிர, எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் எல்லையைக் கடந்தவுடன் கால் வைப்பது டெற்றோயிற் மண்ணிலேயே. புறநகர் என்னும் பெயர் நகருக்குப் புறத்தே கிடப்பதற்கு உரியது; இதுவோ அகத்தே கிடக்கும் புறநகர். எனினும் இதற்குத் தனி நகரபிதா உண்டு, தனி மன்றம் உண்டு, தனி வரியும் உண்டு. நீதிமன்றமும் பாடசாலைச் சபையும் பொலிஸ் படையும் இதற்கெனத் தனியே அமைந்தன.

இந்நிலத்தில் நகரொன்று எழவேண்டுமென்ற எண்ணம் பழையது. 1805ஆம் ஆண்டுத் தீயில் டெற்றோயிற் எரிந்தொழிந்தபின் அதற்குப் புதிய தெருவமைப்பை வகுத்தவர் நீதிபதி ஒகஸ்தஸ் வூட்வார்ட். அவர் நகருக்கு வடக்கே ஆறு மைல் தொலைவிற் கிடந்த மேட்டுநிலத்தை 1818இல் வாங்கி, 1825இல் வூட்வார்ட்வில் எனத் தம் பெயராலேயே ஓர் ஊருக்குத் திட்டம் வகுத்தார். அத்திட்டம் தாளளவில் நின்றுவிட்டது. 1836இல் பெஞ்சமின் விதரெல் என்னும் மற்றொரு நீதிபதி கசாண்ட்றா என்ற பெயரோடு அதே இடத்தில் மீண்டும் முயன்றார், அதுவுங் கைகூடவில்லை. வருங்கேட்டை முன்னுரைத்தும் எவராலும் நம்பப்படாத, கிரேக்கப் புராணத்து ட்றோய் நங்கையின் பெயர் அது. அவ்வூர் எழுந்திருப்பின் அப்பெயரின் பொருத்தம் பிற்காலத்தார்க்கே புலப்பட்டிருக்கும். ஈற்றில் 1889இல் ஹைலண்ட் பார்க் என்னும் பெயருடன் ஊர்ச்சபையொன்று சட்டப்படி அமைந்தது. 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே அதன் குடித்தொகை 427. வயலும் பழத்தோட்டமும் சூழ்ந்த நாட்டுப்புறம் அது. வூட்வார்ட் பெருந்தெரு மட்டும் அதனை ஊடறுத்து டெற்றோயிற்றுக்குச் சென்றது.

1907இல் ஹென்றி போர்ட் அவ்வூரில் ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தை வாங்கினார். டெற்றோயிற்றிலே அவருக்கு இருந்த தொழிற்சாலை போதாதாயிற்று. நிலம் மலிவு, இருப்புப்பாதை அண்மையிலுண்டு, டெற்றோயிற் மாநகரத்தின் வரியெல்லைக்கு அப்பாற்பட்டது என்னும் மூன்றும் அவ்விடத்துக்கு உரிய வசதிகள். அல்பேட் கான் என்னுங் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி எழுந்த தொழிற்சாலை 1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. முதன்மைக் கட்டடம் நான்கு மாடிகளையும் 865 அடி நீளத்தையும் உடையது. உருக்குக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றுத் தூண்களே பாரத்தைத் தாங்கியமையாற் சுவர்கள் பாரம் தாங்க வேண்டியிருக்கவில்லை. அவற்றின் இடத்தைக் கண்ணாடிச் சாளரங்கள் நிரப்பின. அதனால் மக்கள் அதனைப் பளிங்கு மாளிகை என்றனர். மூலப்பொருள்கள் மேன்மாடிக்கு ஏற்றப்பட்டு, வேலை முற்ற முற்றச் சரிவுகள் வழியாகக் கீழிறங்கி, நிலத்தளத்திலே ஒன்றுகூட்டப்பட்டன. பொருள் தன் பாரத்தாலேயே தன்னை நகர்த்திக்கொண்டமை கவனித்தற்குரியது.

உலகக் கைத்தொழில் வரலாற்றில் இச்சிற்றூருக்கு ஓர் இடத்தை அளித்தது 1913ஆம் ஆண்டாகும். அதற்கு முன்னர் மோட்டார் வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் தொழிலாளர் ஓரிடத்தில் நின்று முற்றுவிப்பர். அல்லது அடிச்சட்டம் ஓரிடத்தில் நிற்க, வேலையாட்கள் அதனைச் சுற்றி வருவர். அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்தில், பொறிக்குத் தீப்பொறி வழங்கும் காந்தக் கருவியை ஒன்றுகூட்டும் வேலையிலே முதற் சோதனை நடந்தது. முன்பு ஒருவர் அக்கருவியொன்றை முழுமையாகக் கூட்டி முடிக்க 20 நிமிடஞ் சென்றது. வேலையைப் பல கூறாக்கி, வரிசையாக நிற்பவர் ஒவ்வொருவரும் ஒரு செயலை மட்டுஞ் செய்து அடுத்தவரிடந் தள்ளியபோது அது 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. பின்னர்ச் சங்கிலியால் இழுக்கப்படும் ஓடுவரிசை அமைந்தபோது ஐந்து நிமிடமே போதுமானதாயிற்று. இதனைக் கண்டபின் அடிச்சட்டத்தையும் அவ்வாறே நகர்த்த முனைந்தனர். தொடக்கத்திலே கயிறும் உருளையுங் கொண்டு தரையில் இழுத்தனர். 12 மணி 28 நிமிடமெடுத்த வேலை ஆறு மணிநேரத்துக்குட் சுருங்கியது. 1914 ஏப்பிரிலில் அது 1 மணி 33 நிமிடமாயிற்று. 1908இல் 850 டொலருக்கு விற்ற மொடல் ரி வண்டியை 1916இல் 360 டொலருக்கு வாங்க முடிந்தது. செல்வரின் விளையாட்டுப் பொருளாயிருந்த மோட்டார் வண்டி கமக்காரன் முற்றத்தில் வந்து நின்றதற்குக் காரணம் இவ்வோடுவரிசையே.

எனினும் அவ்வரிசையில் நின்றவர் நெடுநாள் நின்றிலர். ஒரே முடுக்காணியை நாள்முழுதும் முடுக்குவது உடலுக்குச் சிறிதும் உள்ளத்துக்குப் பெரிதும் வருத்தந் தருவது. 1913ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்டு தொழிற்சாலையை நடத்துவதற்கு 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர் வந்தவழியே சென்றனர். 1914 சனவரி மாதம் 5ஆந் திகதி, நாட்கூலி ஐந்து டொலர், வேலைநேரம் எட்டு மணி என்னும் புகழ்பெற்ற அறிவித்தல் வெளிவந்ததற்கு இதுவே உடனடிக் காரணம். அதுவரை ஒன்பது மணி வேலைக்குக் கிடைத்த கூலி 2.34 டொலர். அறிவித்தல் பரவியதும் உறைபனிக் காலத்திலே பல்லாயிரவர் வாயிலில் வந்து குவிந்தனர். ஒரு வாரத்தின் பின் கூட்டம் நெருக்கியடித்தபோது தீயணைப்புக் குழாயைத் திறந்து அவர்மேல் நீர் பாய்ச்சினர். ஈரவுடை உடலிலேயே உறைந்தது. ஐந்து டொலரின் பெருமையைப் பேசும் நூல்கள் இந்நிகழ்ச்சியை ஓரிரு வரியிற் கடந்துசெல்லும்.

ஐந்து டொலர் எல்லார்க்கும் உடனே கிடைத்ததுமன்று. அதிற் பாதியளவு இலாபப் பங்கு எனப்பட்டது. அதனைப் பெறுவதற்குத் தொழிலாளன் ஒழுக்கமுடையவன் எனக் காட்டவேண்டும். இதனை ஆராய்தற்குக் கம்பனி ஒரு சமூகவியற் பகுதியை நிறுவியது. அதன் அலுவலர் வீடுவீடாகச் சென்று, மனைவி யார், பிள்ளைகள் எத்தனை, வங்கியிற் சேமிப்பு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கின்றனரா என வினாவி எழுதினர். தொழிலாளருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரையில் வெளிநாடுகளிற் பிறந்தோர். போலந்து, இத்தாலி, உருசியா, உருமேனியா, சிரியா முதலிய பல தேசத்தார். அவர்களுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலை தொடங்கப்பட்டது. அதன் பட்டமளிப்பு விழாவிலே மேடையின் நடுவில் மாபெரும் கொப்பரையொன்றை வைத்தனர். மாணவர் தத்தம் நாட்டு உடையோடு கப்பலொன்றிலிருந்து இறங்கி அக்கொப்பரைக்குட் புகுந்து, மறுபுறத்தே அமெரிக்க உடையணிந்து, கையிற் கொடியேந்தி வெளிவந்தனர். வந்தேறு குடிகளை ஒரே உருவில் வார்க்கும் எண்ணத்தை இதனினுந் தெளிவாகக் காட்டிய சடங்கு வேறில்லை. ஆயினும் கொப்பரையிற் புகுந்தோர் எல்லாவற்றையும் அங்கே கழற்றிவிட்டாரல்லர். 1921இல் இத்தொழிற்சாலைக்கு அண்மையில் முஸ்லிம் மக்கள் ஒரு பள்ளிவாசலைக் கட்டினர். ஐக்கிய அமெரிக்காவிலே பள்ளிவாசலாகவே கட்டப்பெற்றவற்றுள் அதுவே முதலாவது என ஆய்வாளர் பலர் கருதுவர். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இவ்வளவும் நிகழ்ந்தபோது ஊரின் நிலை யாது? 1910இல் 4,120 ஆயிருந்த குடித்தொகை 1920இல் 46,499 ஆயிற்று. பத்தாண்டுள் ஏறத்தாழப் பதினொரு மடங்கு பெருகிய ஊர் உலகில் எத்துணை உளது என்பது ஆராய்தற்குரியது. இதே காலத்தில் டெற்றோயிற்றும் வீங்கி வளர்ந்தது. அதன் மக்கள் 465,766 இலிருந்து 993,678 ஆயினர். 1910இல் ஏறத்தாழ 40 சதுர மைலாயிருந்த மாநகர், சுற்றியிருந்த கிராமங்களை ஒவ்வொன்றாகத் தன்னோடு இணைத்துக்கொண்டு 1926இல் இன்றைய பரப்பை எய்தியது. ஊர்ச்சபையளவில் நின்ற இடங்களை விழுங்குவது மாநகருக்கு எளிது. நகர் என்னும் முழுத் தகுதி பெற்றதொன்றை விழுங்குவது எளிதன்று. ஆகவே 1918இல் ஹைலண்ட் பார்க் தன்னை நகராக உயர்த்திக்கொண்டது. போர்ட் தொழிற்சாலை தரும் வரிப்பணம் டெற்றோயிற்றின் கருவூலத்துக்குப் போகாமற் காப்பதே அதன் நோக்கம். அயலிலிருந்த ஹம்றாமிக் டொட்ஜ் சகோதரரின் தொழிற்சாலையை உடையது. அதுவும் 1922இல் அவ்வாறே நகராயிற்று. மாநகர் இவ்விரண்டையும் சுற்றி வளைத்து அப்பாற் சென்றது. வேலிக்குள் நின்ற மரத்தை விட்டு வெள்ளம் இருபுறமும் பாய்ந்ததுபோன்ற காட்சி அது.

வேலி கட்டியோரைக் குறைகூறல் தகாது. அக்காலத்து நோக்கில் அவர் செய்தது மதியூகமேயாகும். உலகின் மிகப் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்று மூன்று சதுர மைலுக்குள் நிற்க, அதன் வரியை ஐம்பதினாயிரம் பேர் மட்டும் பகிர்ந்துகொள்வதாயின் யார்தான் வேண்டாமென்பர்? அவ்வரியினால் நல்ல பாடசாலைகள் எழுந்தன. உயர்தரப் பாடசாலையோடு இளநிலைக் கல்லூரியொன்றும் நடந்தது. 1926இல் வூட்வார்ட் பெருந்தெருவிலே மக்கிறெகர் நூல்நிலையம் வெண்கலக் கதவுகளோடு திறக்கப்பட்டது. சென் கிளேயர் ஏரியிலிருந்து நீரை எடுத்துச் சுத்திகரிக்கும் நிலையமுந் தனியே இருந்தது. நிழன்மரத் தெருக்களின் இருபுறமும் செங்கல்லாற் கட்டிய சிறு மனைகள் வரிசையாக எழுந்தன. 1930இல் குடித்தொகை 52,959. அதுவே உச்சம்.

உச்சியை அடையுமுன்னரே அடித்தளம் நகரத் தொடங்கிவிட்டது. ஹென்றி போர்ட்டுக்கு 160 ஏக்கரும் போதவில்லை. மாடி மாடியாக எழுந்த கட்டடம் ஓடுவரிசைக்கு ஏற்றதன்று என்பதை அவ்வரிசையே அவருக்குக் கற்பித்தது. நீண்ட ஒற்றைத் தளமே அதற்கு வேண்டும். நகரின் தென்மேற்கே றூஷ் ஆற்றங்கரையிலே, டியர்போணில், இரும்புத் தாதிலிருந்து முழு வண்டிவரை ஒரே வளவில் ஆக்கும் பெருந்தொழிற்சாலையை அவர் கட்டினார். 1927இல் மொடல் ரி நிறுத்தப்பட்டு, அடுத்து வந்த மொடல் ஏ அங்கேயே ஆக்கப்பட்டது. தொழிலாளர் பலர் வேலையைப் பின்தொடர்ந்து டியர்போணிற் குடியேறினர். முஸ்லிம் மக்களும் அவ்வாறே சென்றனர். பளிங்கு மாளிகை பிறந்து பதினேழாண்டே கழிந்திருந்தது. கம்பனியின் பொருட்டு எல்லைக்கோடு கீறிய ஊரார் ஒன்றை எண்ணிப்பார்த்திலர்: கோடு ஊரைப் பிணிக்கும், கம்பனியைப் பிணிக்காது.

ஆயினும் ஊர் உடனே வீழ்ந்துவிடவில்லை. வேறொரு கம்பனி அதனைத் தாங்கிற்று. ஹைலண்ட் பார்க்கிலிருந்த மக்ஸ்வெல் மோட்டார்க் கம்பனியை வால்ற்றர் கிறைஸ்லர் கைக்கொண்டு 1925இல் தம் பெயராற் புதிய கம்பனியை நிறுவினார். அதன் தலைமையகம் அந்நகரிலேயே நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பழைய போர்ட் தொழிற்சாலையிலே கவச ஊர்திகள் ஆக்கப்பட்டன. போர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரின் நெருக்கடியைத் தீர்க்கவேண்டி, டேவிசன் தெருவை அகழ்ந்து, தரைமட்டத்தினுந் தாழ்ந்த விரைவு நெடுஞ்சாலையாக மாற்றி 1942 நவம்பரிலே திறந்தனர். அமெரிக்க நகரொன்றின் நடுவே அத்தகைய தாழ்சாலை அமைந்தது அதுவே முதன்முறை. ஓடுவரிசையைப் போலவே இதுவும் ஹைலண்ட் பார்க்கிற் பிறந்த புதுமை. நகரை இரு கூறாக வெட்டியதும் இதுவே. பின்னர் நாடெங்கும் பரந்த விரைவுச் சாலைகள், நகருக்கு வெளியே பத்து மைல் இருபது மைல் தொலைவிற் குடியிருந்துகொண்டு வேலைக்கு வந்துபோக வழிசெய்தன. புதிய புறநகர்களில் வீடு வாங்குவோர்க்குக் கூட்டாட்சி அரசு கடனுக்கு உத்தரவாதம் அளித்தது; ஆனால் அவ்வீடுகளிற் பெரும்பாலன வெள்ளையர்க்கே கிடைத்தன. கறுப்பு மக்கள் உள்நகர்ப் பகுதிகளிலேயே வீடு தேடவேண்டியவராயினர். 1960இல் 38,063 ஆகவும் 1980இல் 27,909 ஆகவும் 1990இல் 20,121 ஆகவும் ஹைலண்ட் பார்க்கின் குடித்தொகை தேய்ந்தது. எஞ்சியோர் மிகப் பெரும்பாலும் கறுப்பு மக்கள். பழைய வரிவளத்தின் பயனைத் துய்த்தவர் வேறு, அது போனபின் அதன் சுமையைத் தாங்கியவர் வேறு.

எல்லைக்கோட்டின் வலிமை எத்தகையது என்பதை இக்காலத்து வழக்கொன்று நாடு முழுவதற்கும் உணர்த்தியது. டெற்றோயிற்றின் பாடசாலைகளில் வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் பிரிந்து கற்கும் நிலையை நீக்குதற்குக் கீழ்நீதிமன்றம் புறநகர்ப் பாடசாலை வட்டங்கள் 53ஐயும் மாநகரோடு சேர்த்து ஒரே திட்டத்துள் அடக்க முனைந்தது. 1974 யூலையில் நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றம், மில்லிக்கன் எதிர் பிறாட்லி வழக்கிலே, ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையால் அதனைத் தள்ளியது. புறநகர் வட்டங்கள் தாமாகத் தவறிழைத்தமை காட்டப்பட்டாலன்றி அவற்றின் எல்லையைக் கடத்தல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். நீதியரசர் தேர்குட் மார்ஷல் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். வரிக்காகக் கீறிய கோடுகள் இங்ஙனம் நீதித்துறையின் காவலையும் பெற்றன.

கிறைஸ்லர் கம்பனி 1980ஆம் ஆண்டளவில் முறிந்துவிடும் நிலைக்கு வந்து, கூட்டாட்சி அரசின் கடன் உத்தரவாதத்தால் உயிர்பிழைத்தது. பிழைத்த கம்பனி 1990களில் தன் தலைமையகத்தை வடக்கே ஓபேண் ஹில்ஸ் என்னும் புறநகருக்குக் கொண்டுசென்றது. ஹைலண்ட் பார்க்கின் வரிவருவாயிற் பெரும்பங்கு அதனோடு சென்றது. இதன்பின் நிகழ்ந்தவற்றை ஆண்டு வரிசையாகக் கூறினாலே போதும். 1996இல் கல்லூரி மூடப்பட்டது. 2001இல் மாநில அரசு நகரின் நிதியாட்சியைத் தன் அலுவலரிடம் ஒப்படைத்தது. 2009 வரை அந்நிலை நீடித்தது. அதே 2001இல் நகரின் பொலிஸ் படை கலைக்கப்பட்டு, மாவட்டப் பொலிசார் காவல் செய்தனர். 2007இலேயே நகர் மீண்டும் தன் படையை அமைத்தது. 2002இல் மக்கிறெகர் நூல்நிலையத்தின் வெண்கலக் கதவுகள் சாத்தப்பட்டன.

2011ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறெந்நகரிலுங் காண்டற்கரியது. மின்சாரக் கம்பனிக்கு நகர் செலுத்தவேண்டிய கடன் நான்கு மில்லியன் டொலர் வரையில் ஏறியிருந்தது. கடனைத் தள்ளிவிடுவதற்கு ஈடாக, ஏறத்தாழ 1,500 தெருவிளக்குகளுள் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற நகர் இசைந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கம்பத்தை நிற்க விட்டாரல்லர். கம்பங்களையே பிடுங்கிக்கொண்டு சென்றனர். சந்திகளில் மட்டும் சில விளக்குகள் எஞ்சின. ஒரு காலத்தில் இரவுபகலாக ஒளிவீசிய பளிங்கு மாளிகையைக் கொண்ட ஊரிலே பிள்ளைகள் குளிர்காலத்து விடியற்காலையில் இருளினூடே பாடசாலைக்குச் சென்றனர். பின்னர் அவ்வூர் மக்கள் சிலர் தாமே ஒரு கழகமாகக் கூடி, சூரியவொளியால் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாக நாட்டத் தொடங்கினர். சூரியவொளி விளக்குக்குக் கம்பனியின் கம்பி வேண்டியதில்லை, மாதக் கட்டணமும் இல்லை.

பாடசாலைகளின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2012இல் மாநில அரசு பாடசாலை வட்டத்தைத் தன் அலுவலரிடம் விட, அவர் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை இலாபநோக்குடைய தனியார் நிறுவனமொன்றுக்கு அளித்தார். அவ்வாண்டிலேயே, தம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லையெனப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். வாசிப்பிற் பின்தங்கிய மாணவர்க்குச் சிறப்புதவி அளித்தல் வேண்டுமென மிச்சிகன் சட்டமே கூறியிருந்தது. அதனை நிறைவேற்றுக என்பதே அவர் வேண்டுகோள். வேலையோ பணமோ அவர் கேட்டிலர். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆற்றலையே கேட்டனர். 2014இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையால் அவ்வழக்கைத் தள்ளியது. 2015இல் நகரின் உயர்தரப் பாடசாலை மூடப்பட்டது. இன்று அந்நகரத்துப் பிள்ளைகள் அக்கல்விக்கு எல்லைக்கோட்டைக் கடந்தே செல்லவேண்டும்.

டெற்றோயிற்றோடு இணைந்திருந்தால் ஹைலண்ட் பார்க் தப்பியிருக்கும் எனச் சிலர் கருதலாம். அது துணிந்து கூறத்தக்கதன்று. 1950இல் 1,849,568 ஆயிருந்த டெற்றோயிற்றின் குடித்தொகை 2020இல் 639,111 ஆகக் குறைந்தது. 2013 யூலையிலே அம்மாநகர் நீதிமன்றத்தில் முறிவு வழக்குத் தாக்கல் செய்தது. கடலிற் கப்பல் தாழும்போது அதனோடு கட்டிய படகு மிதக்குமென எதிர்பார்த்தல் ஆகாது. ஆயினும் பெருங்கப்பலுக்குக் கரையேற உதவியவர் பலர். அருங்காட்சியகத்தையும் ஓய்வூதியத்தையுங் காக்க அறநிதிகளும் மாநில அரசும் முன்வந்தன. மூன்று சதுர மைல் நகரின் விளக்கு அணைந்தபோது அத்தகைய கூட்டம் கூடவில்லை.

ஹம்றாமிக்கின் போக்கு இதனோடு ஒப்பிடற்குரியது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக, ஒரே வகையான வேலியைக் கட்டிக்கொண்டவை. டொட்ஜ் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டபோது ஹம்றாமிக்கும் வறுமையுற்றது. அங்கும் மாநில அலுவலர் நிதியாட்சியை ஏற்றதுண்டு. ஆனால் போலந்து மக்கள் முதுமையுற்று அகன்ற வீடுகளில் யேமன், வங்காளதேசம், பொஸ்னியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் குடியேறினர். 2020இல் அதன் குடித்தொகை 28,433. ஹைலண்ட் பார்க்கினுடையதோ 8,977. வேலி ஒன்றேயாயினும் விளைவு ஒன்றன்று. அடுக்கடுக்காக ஒட்டிய சிறு வீடுகளும், நடந்தே செல்லத்தக்க கடைத்தெருவும், முன்வந்த உறவினர் பின்வருவோரை அழைத்தலும் ஹம்றாமிக்குக்கு உதவின. ஹைலண்ட் பார்க்கையோ விரைவுச் சாலைகள் துண்டாடியிருந்தன. வெற்று மனைகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே எல்லைக்கோடு மட்டுமே ஊரை அழித்ததெனக் கூறுவது வரலாற்றைக் குறுக்குவதாகும். தொழிற்சாலையின் பெயர்ச்சி, நிறவேற்றுமை, சாலைக் கொள்கை, மாநில நிதிக்கொள்கை ஆகியன யாவும் சேர்ந்தே அழித்தன. கோடு செய்தது யாதெனின், அவற்றின் சுமை முழுவதையும் மூன்று சதுர மைலுக்குள் அடைத்து வைத்ததேயாம்.

இதனைத் தண்ணீரின் கதையே நன்கு காட்டும். ஏரியிலிருந்து தனிக்குழாய் வழியே நீரெடுத்த நகரின் சுத்திகரிப்பு நிலையம் 2012இல் மூடப்பட்டது. அதன்பின் டெற்றோயிற்றின் நீரமைப்பிலிருந்தே ஹைலண்ட் பார்க் நீர் பெறலாயிற்று. நூறாண்டு கடந்த குழாய்கள் நிலத்தடியிலே கசிந்தன. பல வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கிற் கட்டணப் பட்டியல் தானும் ஒழுங்காகச் செல்லவில்லை. வந்த நீருக்கு உரிய விலை யாது, அதனைச் செலுத்துவோர் யாவர் என்னும் வழக்கு நீண்டு, பல மில்லியன் டொலர் கடனாக வளர்ந்தது. ஹைலண்ட் பார்க் செலுத்தாத பங்கை அயல் நகரங்கள் பல தம் கட்டணத்தோடு சேர்த்துச் சுமக்கவேண்டியதாயிற்று; அந்நகரங்கள் முறையிட்டன. 1918இல் கீறிய கோட்டின் இருபுறத்தாரும் ஒரே நீரைக் குடிப்பவர் என்பதை இவ்வழக்கு எல்லார்க்கும் நினைவூட்டியது. 2023இல் மாநில அரசு பணவுதவியுடன் தலையிட, தரப்பினர் உடன்பாட்டுக்கு வந்தனர். பழைய கடனைத் தீர்ப்பதோடு நகரின் நீர்க்குழாய்களைத் திருத்தவும், வீடுகளில் அளவுமானிகளைப் பொருத்தவும் அதில் வழிவகுக்கப்பட்டது. பளிங்கு மாளிகையின் எஞ்சிய கட்டடங்கள் 1978 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் முன்னுள்ள வூட்வார்ட் பெருந்தெருவின் அடியிலே செல்லும் குழாய்களிலும் அம்மாநகரின் நீரே ஓடுகின்றது.